எல்லாச் சாவியும் அவரிடம்

போன மாதம் பரமக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவரைப் பார்த்தேன். பந்தியிலிருந்து எழுந்து கை கழுவப் போய்க்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து "தாயி" என்று குரல் வந்தது. திரும்புவதற்குள் என் இடது கை அவருடைய இரண்டு கைகளுக்குள் போய்விட்டது. அதே வெதுவெதுப்பு, அதே ஈரம்.

"நல்லாருக்கியா தாயி? ரொம்ப மெலிஞ்சு போயிட்டியே. ஒரு போன் போட்டா என்ன? நான் என்ன அந்நியமா?"

அவருக்குக் கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. கையை உருவிக்கொண்டு போய்க் குழாயடியில் நின்றேன். சாப்பிட்ட கையை ஒரு தடவை கழுவினேன். சாப்பிடாத கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். பக்கத்தில் நின்ற பெண், மாப்பிள்ளை வீட்டுக்காரி போலிருக்கிறது, என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அவரிடம் நான் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். இராமநாதபுரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் அலுவலகம். வியாபாரம் செய்கிறவர்களுக்கு இணையத்தில் இடம் பிடித்துக் கொடுப்பது தொழில். ராமேஸ்வரம் லாட்ஜுகளின் ரூம் புக்கிங், மண்டபம் ஊரிலுள்ள நண்டு கம்பெனியின் இமெயில், பள்ளிக்கூடத்தின் மார்க் விவரம், நர்சிங் ஹோமின் நோயாளிப் பதிவு. எதை எந்த சர்வரில் வைப்பது, எவ்வளவு இடம் வேண்டும் என்று அவரே தேர்ந்தெடுத்துக் கொடுப்பார். வைத்த பிறகு பராமரிப்பதும் அவர்தான். நான் அவருக்கு அடுத்த ஆள்.

எனக்கு ஊர் நயினார்கோவில் பக்கம். சென்னையில் நாலு வருஷம் இதே வேலை பார்த்துவிட்டு, கல்யாணம் முடிந்து இராமநாதபுரம் வந்தவள். அதனால் அங்கே நடந்தது எனக்குப் புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. முதல் வாரமே புரிந்துவிட்டது.

கடற்கரைக்காரர்களிடம் அவர் கிளவுடை விற்கிற அழகே தனி. ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜ் முதலாளி. புயல் வந்த வருஷம் கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்து கம்ப்யூட்டர் மொத்தமும் வீணாய்ப் போனவர். அவர் முன்னால் உட்கார்ந்து, விரலை மேலே நீட்டி, "மேகம்ணே, மேகம். மழை பேஞ்சா நனையாது. கடல் ஏறுனா முழுகாது. ஒங்க வெவரமெல்லாம் அங்கன பத்திரமா இருக்கும். சாவி எங்கிட்ட இருக்கும். நீங்க நிம்மதியாத் தூங்குங்க" என்றார்.

முதலாளி நிஜமாகவே ஒருமுறை மேலே பார்த்தார். அங்கே மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு தாளை எடுத்து மூன்று பெட்டி வரைவார். சின்னது, நடுத்தரம், பெரியது. "ஒங்களுக்குச் சின்னது பத்தாது, பெருசு வீண். நடுவுல உள்ளதுதான் சரியா வரும்" என்பார். எல்லோருக்கும் அதே நடுப்பெட்டிதான். ஐந்து அறை வைத்திருப்பவருக்கும் அதுதான், ஐம்பது படுக்கை வைத்திருப்பவருக்கும் அதுதான். உண்மையில் பெட்டியும் இல்லை, நடுவும் இல்லை. எங்கோ வடக்கே ஒரு மலிவான கம்பெனியில் ஒரே ஒரு மெஷினை வாடகைக்கு எடுத்து, நாற்பது பேரையும் அதற்குள் அடைத்து வைத்திருந்தார். சின்னக் கடைகளின் வெப்சைட்டுகள் ஒரே மெஷினைப் பங்கு போட்டுக்கொள்வது குற்றமில்லை, எல்லா ஊரிலும் நடப்பதுதான். ஆனால் ஒவ்வொருவரிடமும் "ஒங்களுக்குன்னு தனியா" என்று சொல்லி வைத்திருந்தார். தினமும் பேக்கப் எடுக்கிறோம் என்றும் சொல்லியிருந்தார். அதையும் எடுத்தோம்தான். அதே மெஷினில், பக்கத்து ஃபோல்டரில்.

ஒரு நாள் கேட்டேன். "சார், மெஷின் போச்சுன்னா பேக்கப்பும் சேந்துதானே போகும்? வேற எடத்துல ஒரு காப்பி வச்சிருவோமே."

"சென்னையில வேல பாத்த புள்ளையில்ல, பயம் ஜாஸ்தி" என்று சிரித்தார். "இத்தன வருஷத்துல போயிருக்கா?"

இரண்டு தடவை கேட்டேன். மூன்றாம் தடவை கேட்கவில்லை.

கெட்டவர் என்று ஒரு சொல்லில் அவரை முடித்துவிட முடிந்தால் எனக்குச் சுலபமாக இருக்கும். வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் பிள்ளைகள் பெயரும் அவருக்குத் தெரியும். யார் வீட்டில் துக்கம் என்றாலும் முதல் ஆளாகப் போய், காடு வரைக்கும் நடந்து, கடைசி ஆளாகத்தான் திரும்புவார். என் மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் அவர் வீட்டிலிருந்து ரசமும் சாதமும் வந்தது. அந்த அன்பு நடிப்பு இல்லை. எல்லோரும் தன் மேல் சாய்ந்திருக்க வேண்டும் என்பது அவருக்குப் பசி மாதிரி. ஒருவர் நிமிர்ந்து சொந்தக் காலில் நிற்கப் பார்த்தால் அவரால் தாங்க முடியாது.

வாடிக்கையாளர் யாரும் தன் பாஸ்வேர்டைக் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் உடனே முகம் வாடிவிடும். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். "எம் மேல நம்பிக்கை இல்லாமப் போச்சாண்ணே?" என்பார், தங்கை கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்காமல் விட்டதைப் போல. கேட்டவர் பதறிப்போய், ஐயையோ அப்படியெல்லாம் இல்லை என்று இவரையே சமாதானப்படுத்தி, பாஸ்வேர்ட் இல்லாமலே படியிறங்குவார். ஆறு வருஷத்தில் இதை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. நாற்பது நிறுவனங்களின் இணைய முகவரியும் இவர் பெயரில்தான் பதிவாகியிருந்தது. கடைக்காரர் தன் கடையின் பெயர்ப்பலகையை ஊராரிடம் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளலாம். கழற்றி எடுத்துக்கொண்டு போக முடியாது.

ஒரே ஒருவர் போகப் பார்த்தார். மண்டபத்தில் நண்டு ஏற்றுமதி செய்கிற பாய். அவருடைய மருமகன் துபாயிலிருந்து வந்தவர், விவரமானவர். வேறு கம்பெனிக்கு மாறிவிடலாம், விவரங்களையெல்லாம் எடுத்துக் கொடுங்கள் என்று நேரில் வந்து கேட்டார். இவர் கண்ணாடியைத் துடைத்தார். டீ வாங்கிக் கொடுத்தார். "தாராளமா மாப்ள. ஒரு வாரம் குடுங்க" என்றார்.

மறுநாள் காலை பாயின் வெப்சைட்டும் இமெயிலும் நின்றுபோயின. கப்பலுக்குச் சரக்கு ஏற்றுகிற வாரம் அது. வெளிநாட்டு வியாபாரி அனுப்புகிற எந்தக் கடிதமும் பாய்க்கு வந்து சேரவில்லை. நிறுத்தியவர் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மவுஸில் ஒரு சொடுக்கு, அவ்வளவுதான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாய் பதறியடித்துப் போன் செய்தார். "மருமகப்புள்ள எதையோ தொட்டிருப்பாரு போல பாய். வெளியாளு கை பட்டா இப்படித்தான் ஆகும். விடுங்க, நான் ஒக்காந்து சரி பண்ணுறேன்" என்றார் இவர்.

இரண்டு நாள் 'உட்கார்ந்து' சரி செய்தார். மூன்றாம் நாள் இன்னொரு சொடுக்கு. "அல்லா ஒங்கள ஹயாத்தோட, நீண்ட ஆயுசோட வச்சிருக்கணும் தம்பி" என்று பாய் போனிலேயே அழுதார். மத்தியானம் ஒரு பெரிய தூக்குச்சட்டியில் நண்டுக் குழம்பு வந்தது. இவர் மேஜையில் பேப்பரை விரித்து உட்கார்ந்து, ஒவ்வொரு காலாகக் கடித்து உடைத்து உறிஞ்சினார். குழம்பு முழங்கை வரை வழிந்தது. "சாப்புடு தாயி, நம்ம பாய் வீட்டுது" என்று ஒரு பெரிய நண்டை என் தட்டில் வைத்தார்.

நான் சாப்பிட்டேன். அதை எழுதாமல் விட்டால் இதை எழுதவே வேண்டியதில்லை.

அதற்கு அடுத்த வருஷம்தான் டாக்டரம்மா வந்தார். பிரசவம் பார்க்கிற சின்ன நர்சிங் ஹோம் அவருடையது. எங்கள் மாடிக்கு வந்தவர்களில் தாளில் கேள்விகளை எழுதிக்கொண்டு வந்தவர் அவர் ஒருவர்தான். என் நோயாளிகளின் விவரம் எந்த ஊர் மெஷினில் இருக்கும்? அதை வேறு யார் திறந்து பார்க்க முடியும்? நாளைக்கே நான் வேறு கம்பெனிக்குப் போனால் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போக முடியுமா? பேக்கப் எடுக்கிறீர்கள் சரி, அதிலிருந்து திரும்ப எடுத்து என்றைக்காவது பார்த்திருக்கிறீர்களா?

இதைவிட நல்ல கேள்விகளை இன்றுவரை நான் கேட்டதில்லை. இவரோ எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். தனி மெஷின், இரட்டைப் பாதுகாப்பு, மாதம் ஒருமுறை சோதனை. "காயிதமே வேணாம் மேடம். பழைய கட்டெல்லாம் ஸ்கேன் பண்ணி ஏத்திருவோம். கரையான் அரிக்காது, மழையில நனையாது."

டாக்டரம்மா அவரைப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. இவர் சொல்றது சரிதானா?"

மின்விசிறிச் சத்தம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "ஆமா மேடம், சரியா இருக்கும்" என்றேன்.

டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார். மூன்று மாதம் உட்கார்ந்து பழைய பதிவுகளை ஸ்கேன் செய்து ஏற்றினோம். காகிதக் கட்டுகள் பழைய பேப்பர்க்காரர் வேனில் ஏறிப் போயின.

ஒன்றரை வருஷம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு நான் மெஷினைத் திறந்தபோது, கோப்புகள் ஒன்றும் திறக்கவில்லை. எல்லாப் பெயர்களும் மாறியிருந்தன. யாரோ வெளியிலிருந்து நுழைந்து அத்தனையையும் பூட்டிவிட்டு, பணம் கேட்டு ஒரு கடிதம் போட்டு வைத்திருந்தார்கள். நாற்பது பேருக்கும் அவர் ஒரே பாஸ்வேர்ட் வைத்திருந்தார், நுழைந்தவர்களுக்கு வேலை சுலபம். பேக்கப் ஃபோல்டரைத் திறந்தேன். அதுவும் பூட்டிக் கிடந்தது.

அவர் வந்து படித்தார். வடக்கே அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டார். மெஷின் மட்டும்தான் எங்களுடையது, காப்பி வைப்பது உங்கள் பொறுப்பு என்று அவர்கள் சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. போனை வைத்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "யார் கேட்டாலும் அர மணி நேரம்னு சொல்லு" என்றார்.

ஒன்பதே காலுக்கு டாக்டரம்மா பேசினார். குரலில் அவசரம் இருந்தது, பதற்றம் இல்லை. மண்டபம் அகதி முகாமிலிருந்து சுகந்தி என்று ஒரு பெண் வந்திருக்கிறாள், ஏழாம் மாதம், ரத்தப்போக்கு. முதல் பிரசவமும் அதே நர்சிங் ஹோமில்தான். அப்போது ஏற்றிய ரத்தம் அவளுக்குச் சேரவில்லை, எந்த மாதிரி ரத்தம் ஏற்ற வேண்டும் என்று மதுரையில் சோதித்து ஒரு ரிப்போர்ட் தந்திருந்தார்கள். அவள் கையிலிருந்த காகிதம் போன மழையில் வீடு ஒழுகியபோது கரைந்துவிட்டது. மிச்சமிருந்த ஒரே பிரதி நர்சிங் ஹோமினுடையது, அது எங்கள் மெஷினில் இருந்தது.

"இப்ப ரத்தம் கொஞ்சம் நின்னிருக்கு. ரிப்போர்ட் கெடச்சா சரியான ரத்தத்த இங்கயே வரவழைச்சிருவேன். இல்லைன்னா மதுரைக்கு அனுப்பணும். ரோட்டுல ரெண்டரை மணி நேரம் அவளக் குலுக்கிட்டுப் போக எனக்கு இஷ்டமில்ல. எப்ப கெடைக்கும்?"

"அர மணி நேரம் மேடம். சின்ன ரிப்பேர்தான். நான் இருக்கேன்ல" என்றார் அவர்.

போனை வைத்ததும் நான் சொன்னேன். "சார், அது வராது. வராதுன்னு சொல்லிருங்க. அவங்க மதுரைக்காவது அனுப்புவாங்க."

"வராதுன்னு நீ எப்படிச் சொல்லுவ? ஒரு பையன் இருக்கான் பெங்களூர்ல, அவங்கிட்டப் பேசியிருக்கேன்."

பெங்களூர்க்காரன் முடியாது என்று பத்து மணிக்கே சொல்லிவிட்டான்.

பதினொரு மணிக்கு டாக்டரம்மா மறுபடி கூப்பிட்டார். இவர் எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். போனைக் காதில் வைத்துக்கொண்டு, "முடிஞ்சிருச்சு மேடம், ஏறிக்கிட்டிருக்கு, இன்னும் ஒரு அர மணி நேரம்" என்றார். சொல்லும்போது முகத்தில் ஒரு கனிவு. பயந்துபோன ஒருவருக்குத் தைரியம் சொல்கிற முகம். அந்த முகத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அந்தக் கணத்தில் தான் உதவி செய்துகொண்டிருப்பதாகவே அவர் நம்பினார்.

'இல்லை' என்ற ஒரு சொல் அவர் வாயிலிருந்து வராது. எல்லாம் போய்விட்டது என்று ஒத்துக்கொண்டால், அவர் மேல் சாய்ந்திருக்கிறவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

ஒன்றரை மணிக்கு மூன்றாவது போன். அவர் கழிப்பறைக்குப் போயிருந்தார், மேஜையில் கிடந்த போனை நான் எடுத்தேன். "மேடம், ரிப்போர்ட் இல்ல. காலையிலேயே எல்லாம் போயிருச்சு. திரும்ப வராது. நீங்க காத்திருக்காதீங்க."

 "காலையிலேயேவா?" என்றார் டாக்டரம்மா. நான் பதில் சொல்வதற்குள் போன் கட்டாகிவிட்டது.

அவர் வந்து, நான் சொன்னதைக் கேட்டு, நாற்காலியில் சரிந்தார். "என் பேர இப்படிக் கெடுத்திட்டியே தாயி" என்றார்.

ஆம்புலன்ஸ் மதுரை போய்ச் சேர்ந்தபோது குழந்தை உயிரோடு இல்லை. சுகந்தி பிழைத்தாள். பன்னிரண்டு நாள் அங்கே கிடந்து திரும்பினாள்.

அந்த நாலு மணி நேரம் முன்னாலேயே கிளம்பியிருந்தால் குழந்தை இருந்திருக்குமா? டாக்டரம்மாவிடம் கேட்டேன். "தெரியாது. காலையிலயே எனக்குத் தெரிஞ்சிருந்தா அனுப்பியிருப்பேன், அதுதான்" என்றார். அவர் என் மேல் கோபப்பட்டிருக்கலாம். படவில்லை.

நான் அந்த வாரமே வேலையை விட்டேன். அவர் ஒவ்வொரு வாடிக்கையாளர் வீட்டுக்கும் நேரில் போனார், கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நாற்பது பேரில் ஐந்து பேர்தான் விலகினார்கள். மற்றவர்கள் அவருக்காகப் பரிதாபப்பட்டார்கள். நண்டுக்கார பாய் என்னை வழியில் பார்த்து, "பாவம்மா அந்தத் தம்பி, தூங்கி எத்தன நாளாச்சோ. நீ போய் இந்த நேரத்துல விட்டுட்டு வந்துட்டியே" என்று கண்டித்தார். இப்போது அந்தத் தம்பிக்குப் புது மெஷின், புது போர்டு. பாஸ்வேர்டெல்லாம் இன்னும் அவர் போனுக்குள்தான் இருக்கிறது என்று கேள்வி.

நான் வீட்டிலிருந்தபடி இதே தொழிலைச் செய்கிறேன். எந்த நிறுவனம் வந்தாலும் முகவரியை அவர்கள் பெயரிலேயே பதிவு செய்து, பாஸ்வேர்டுகளைக் கவரில் போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுகிறேன். பேக்கப்பை வேறு ஊரில் வைத்து, அவர்கள் கண் முன்னாலேயே திரும்ப எடுத்துக் காட்டுகிறேன். இதைச் செய்ய ஒரு மணி நேரம்கூட ஆவதில்லை.

வேலையை விட்டு இரண்டு மாதம் கழித்து, சுகந்தி நர்சிங் ஹோமுக்கு வருகிற நாளை டாக்டரம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். "ரிப்போர்ட் தொலஞ்சு போச்சுன்னு நான் சொல்லிட்டேன். ஒங்க ஆபீஸ்ல நடந்தத நீங்கதான் சொல்லணும்" என்றார் அவர். வெளியே பெஞ்சில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மெலிந்த பெண், இருபத்தைந்து வயதிருக்கும். எந்த அலுவலகத்தில் வேலை பார்த்தேன் என்று சொன்னதும் முகம் இளகியது.

"உங்கட முதலாளி மதுரைக்கு வந்து பாத்தவர் அக்கா. பழமெல்லாம் வாங்கிக்கொண்டு வந்தவர். என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு ஒரே அழுகை. நான்தான் அவரைத் தேத்தி அனுப்பினனான்."

 பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். எட்டரை மணிக்கே தெரியும் என்பதை, அரை மணி நேரம் என்று ஒன்பதே காலுக்கும் பதினொரு மணிக்கும் சொன்னதை, எதிரில் நானும் உட்கார்ந்திருந்ததை.  உள்ளே நர்ஸ் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"நீங்கள் எத்தினை மணிக்குச் சொன்னனீங்கள்?" என்று சுகந்தி கேட்டாள்.

"ஒன்றரைக்கு."

அவள் தலையை ஆட்டினாள். வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, எனக்கு வழி சொல்வது போல நிதானமாகச் சொன்னாள்.

"பதினொரு மணிக்குப் பிள்ளை துடிச்சவன் அக்கா. நான் கை வச்சுப் பாத்தனான்."